அவள் சொன்னது எங்கே எழுதப்பட்டது?

"வயிறு அரிச்சா புள்ளைக்கு முடி மொளைக்குது" என்று எங்கள் நாகரசம்பட்டிப் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களிடம் ரத்தப் பரிசோதனைக் கூடம் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டவரும் "உடம்புச் சூடும்மா, கலமைன் தடவிக்கோ" என்று அனுப்பிவைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன. தோலில் தடிப்பு இல்லை. இரவில் அதிகமாகிறது. இது பித்தத் தேக்கமாக இருக்கலாம். கல்லீரலிலிருந்து வடிய வேண்டிய பித்த அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. தாய்க்கு அரிப்பு, பிள்ளைக்கு உயிராபத்து. 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஒற்றைக் கரு சுமந்தவர்களுள் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 3.44 விழுக்காட்டினருக்குப் பிள்ளை இறந்து பிறந்தது. 40-க்குக் கீழே இருந்தவர்களில் அது 0.13 விழுக்காடு. யார் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மேல்வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் "கேஸ்" என்று ஒதுக்கப்படும்போது, தாயையே கொல்லக்கூடிய கொழுப்புக் கல்லீரல் நோயும் கண்ணில் படாமல் போகிறது.

இழந்தவள் நீதி கேட்டால் என்ன நடக்கிறது? சக மருத்துவர்கள் ஏற்கும் நடைமுறைப்படி நடந்தாரா என்பதே அளவுகோல். 1957-இன் ஆங்கிலேயத் தீர்ப்பிலிருந்து வந்த இதை, 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. பெண் சொல்வதைக் காதில் வாங்காததே நடைமுறையாக இருந்தால், காதில் வாங்காதவர் குற்றமற்றவர் ஆகிவிடுவாரா?

இன்னொரு கதவும் உண்டு. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கு மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை வெளியே நிறுத்தியது. பில் இல்லாதவள் நுகர்வோர் இல்லையாம்! ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஷிப்டு முடித்து அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவளுக்கு உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும்தான் மிச்சம். பேறுகாலப் பராமரிப்பு அரசியல் சாசன உரிமை என்று 2010-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அந்தப் படியேற அவளுக்கு யார் சம்பளத்தோடு விடுப்பு தருவார்கள்?

ஒற்றை ஆளாக நூறு பேரைப் பார்க்கும் செவிலியரின் தலையை நான் கேட்கவில்லை. அவரைத் தனியே விட்ட அரசும் பதில் சொல்ல வேண்டும். அட்டையில் எடையும் ரத்த அழுத்தமும் எழுதுகிறீர்கள். அவள் வாய்விட்டுச் சொன்னதையும் எழுதுங்கள். எழுதாததை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பாள்?

தோழிகளே, சொன்ன தேதியை நீங்களும் குறித்து வையுங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டுகள். காசு கட்டிப் பெங்களூரில் பிரசவம் பார்த்திருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். "பொறுத்துக்கோம்மா" என்று சொல்பவரிடம் கல்லீரல் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்.