எடிசன் பெயரால் ஒரு பொய்

நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனை மேடையில் உட்காரவைப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு திருப்தி. பேசச் சொல்வது அபூர்வம். அன்றும் எனக்குக் கிடைத்தது ஒரு துண்டும் ஐந்து நிமிஷமும்தான். முக்கியப் பிரசங்கம் செய்தவர் வேறொருவர். அவர் யார் என்பது இங்கே அவசியமில்லை. அவர் பேசியது அவருடைய சொந்தச் சரக்கும் அல்ல. தமிழ்நாட்டில் எந்த மேடையில் ஏறினாலும் கேட்கக்கூடிய பிரசங்கம்தான் அது.

எடிசனைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டினார்கள். அவர் உலகத்துக்கே விளக்கேற்றினார். கார்னகி பதின்மூன்று வயதில் மில் வேலைக்குப் போனார். உலகத்தின் மகா கோடீஸ்வரர் ஆனார். ஃபோர்டு பட்டம் வாங்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், நம்முடைய கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு எத்தனை வகுப்புப் படித்தார்? ஆகவே, தம்பிமார்களே, மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படிப்பில் என்ன இருக்கிறது, உழைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. இதுதான் பிரசங்கத்தின் சாரம். பையன்கள் கைதட்டிக் கூரையைப் பிளந்தார்கள். ஆசிரியர்கள் தலையைக் குனிந்துகொண்டு, அவர்களும் கைதட்டினார்கள்.

விழா முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறவர். பக்கத்தில் அவருடைய மகன் நின்றான்.

"ஏனுங்ணா, அந்த அய்யா பேசுனது நெசந்தானுங்களா? இவன் ஒம்பதாவது படிக்கறானுங்க. பரீட்சை முடிஞ்சதும் கம்பெனிக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். இப்ப இதையும் கேட்டுப்போட்டு, 'பாத்தியாம்மா, எடிசனே படிக்கலையாம்'ங்கறான். நான் என்னங்க பதில் சொல்லட்டும்?"

நான் என்னவோ மென்று விழுங்கினேன். "படிக்கட்டும்மா, படிச்சா நல்லதுதானே" என்று எவனும் சொல்லக்கூடிய ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேனா பிடிக்கிற கைக்கு வாசலில் வார்த்தை வருவதில்லை. அந்த அம்மாளுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பிரசங்கம் பொய். அதில் சொன்ன பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் சொன்னதனால் முழுவதும் பொய்.

எடிசனிடமிருந்தே தொடங்கலாம். 1847-ல் ஓஹாயோ மாநிலத்தில் பிறந்த அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே இருந்தான் என்பது மெய். பிறகு அவனுக்கு வீட்டில் பாடம் சொன்னது யார்? அவனுடைய தாயார் நான்சி. அவர் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ரயிலில் பத்திரிகை விற்கிற பையனாக இருந்த காலத்தில் எடிசன் டெட்ராய்ட் நகரத்து நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தார். பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்றே தவிர, படிப்பு ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1876-ல் மென்லோ பார்க்கில் எடிசன் ஓர் ஆராய்ச்சிக்கூடம் போட்டார். அங்கே தனியாக உட்கார்ந்தா விளக்கைக் கண்டுபிடித்தார்? கண்ணாடி ஊதுகிறவர், இயந்திரக் கம்மியர், ரசாயனம் தெரிந்தவர் என்று ஒரு பட்டாளமே இருந்தது. அதில் பிரான்சிஸ் அப்டன் என்று ஒருவர். பிரின்ஸ்டனில் படித்து, பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பேராசிரியரிடம் பயின்ற கணித நிபுணர். மின்சாரத்தை எத்தனை கனமான கம்பியில், எத்தனை தூரம், எவ்வளவு நஷ்டத்தில் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட எடிசன் அவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார். 1879-ல் எரிந்த விளக்கில் அந்தக் கணக்கும் எரிந்தது. எடிசன் பெயரில் அமெரிக்காவில் 1093 காப்புரிமைகள் இருக்கின்றன. படிப்பு வீண் என்று நினைத்த மனிதர் பிரின்ஸ்டன்காரருக்குச் சம்பளம் கொடுப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது கார்னகி. இவருடைய கதையை நம் பக்கத்து மக்களுக்குச் சொன்னால் சட்டென்று விளங்கும். ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் என்ற ஊரில் கைத்தறி நெய்தவரின் மகன். விசைத்தறி வந்தது; தகப்பனாரின் தறி நின்றது. 1848-ல் குடும்பம் கடன் வாங்கிக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. பையன் பருத்தி மில்லில் பாபின் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தான். வாரச் சம்பளம் ஒரு டாலர் இருபது காசு. சென்னிமலையிலும் அவிநாசியிலும் தறியை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்த எத்தனை குடும்பங்களின் கதை இது!

ஆனால் பிரசங்கிகள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நேராகக் கோடீஸ்வரருக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு மனிதர் இருந்தார். வேலைக்குப் போகிற பையன்களுக்காகத் தம்முடைய புத்தகங்களைத் திறந்துவிட்டவர். சனிக்கிழமை தோறும் ஒரு புத்தகம் எடுத்துப் போகலாம். பின்னால் நூலகத்தை நடத்தியவர்கள், தந்தி ஆபீஸ் பையன்கள் தொழில் பயில்கிறவர்கள் அல்ல, பணம் கட்ட வேண்டும் என்றார்கள். தந்தி ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த கார்னகி பேசாமல் இருக்கவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சண்டை போட்டு ஜெயித்தார். கார்னகி முதன்முதலில் ஜெயித்த வழக்கு அதுதான். அது புத்தகத்துக்காகப் போட்ட வழக்கு. அந்தச் சனிக்கிழமைகளை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் உலகெங்கும் 2500-க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார்.

கார்னகியை நான் தெய்வமாக்கவில்லை. 1892-ல் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் அவருடைய கம்பெனி கூலியைக் குறைத்தது. தொழிலாளர் எதிர்த்தார்கள், துப்பாக்கி பிடித்த கூலிப்படை வந்தது, இரண்டு பக்கமும் உயிர்கள் போயின, சங்கம் நொறுங்கியது. 1898-ல் அந்த ஊரிலேயே அழகான ஒரு நூலகமும் திறந்துவைத்தார். பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன்னால் நின்றவன் எந்த நேரத்தில் நூலகத்துக்குப் போவான் என்று அப்போதே கேட்டார்கள். நமக்கும் அந்தக் கேள்வி வேண்டியிருக்கிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இல்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனவன் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறான். அவனிடம் போய், "புத்தகம் படி, எடிசன் ஆகலாம்" என்று சொல்கிறவர் முதலில் அவனுடைய ஷிப்டைப் பற்றிப் பேச வேண்டாமா?

ஃபோர்டு விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம். பட்டம் வாங்காத அந்த மனிதர், 1916-ல் தம் தொழிற்சாலையை ஒட்டிப் பையன்களுக்கு ஒரு தொழிற்பள்ளி வைத்தார். படிக்கிற பையனுக்கு உதவித்தொகையும் கொடுத்தார்.

இனி நம்முடைய ஜி. டி. நாயுடு. சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை, அதுவும் மெய்தான். ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூரில் ஓட்டலில் பரிமாறுகிறவராக வேலை செய்து பணம் சேர்த்து, அதையே வாங்கி, கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்ட கதை இந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். 1920-ல் ராபர்ட் ஸ்டேன்ஸின் ஆதரவோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டினார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். எல்லாம் நமக்குப் பெருமை. அவிநாசி ரோட்டில் அவருடைய பொருட்காட்சியைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளின் கண்கள் மின்னுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த மனிதர் சம்பாதித்த பணத்தை எதில் போட்டார்? 1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அவருடைய முயற்சியில் வந்தவை. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று இன்று நிற்பது அந்த விதையிலிருந்து முளைத்ததுதான். அவர் படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு வருஷம் இழுக்க வேண்டாம், சீக்கிரம் சொல்லிக்கொடு, கையால் செய்யவிட்டுச் சொல்லிக்கொடு என்றுதான் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் நானும் அவர் கட்சி. மனப்பாடம் செய்யவைத்தே பிள்ளைகளைக் கொல்லுகிற படிப்பைத் திட்டுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். அதன் குறைகளும் எனக்குத் தெரியும், விட்டதன் நஷ்டமும் தெரியும். படிப்பைத் திருத்து என்பது ஒன்று. படிப்பை விடு என்பது வேறு.

இதற்கெல்லாம் மேலே ஒரு சாட்சி இருக்கிறது. விருதுபட்டியில் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் உட்கார்ந்த காமராஜர். முதல் மந்திரியான பிறகு, நானே படிக்கவில்லை, உங்களுக்கு எதற்கு என்றா சொன்னார்? ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார்; 1956-ல் மதிய உணவு போட்டார். பள்ளிக்கூடத்தை இழந்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரிந்திருக்கிறது. பாதியில் விட்டவர்கள் பள்ளியும் நூலகமும் கட்டினார்கள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் மேடையேறி, படிப்பில் என்ன இருக்கிறது என்கிறார்கள்.

'திருப்பூரைப் பாருங்கள், தறிக்காரனும் காட்டுக்காரனும் டெய்லரும் முதலாளி ஆகவில்லையா?' என்று கேட்பார்கள். ஆனார்கள். இரவு பகல் பாராமல் உழைத்து, நான்கு மெஷினை வாடகைக் கொட்டகையில் போட்டு முன்னுக்கு வந்தவர்களை நான் அறிவேன், அவர்களை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் தங்கள் பிள்ளைகளை என்ன செய்தார்கள்? கைமடிக்க அனுப்பினார்களா? ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் அனுப்பிப் படிக்கவைத்தார்கள், சரியாகத்தான் செய்தார்கள். 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைத்துக்கொண்ட இதே திருப்பூர், 1997-ல் பின்னலாடைப் படிப்புக்கென்றே ஒரு கல்லூரியும் வைத்தது. படிக்காமலே தொழில் நடக்கும் என்று தொழில்காரர்களே நம்பவில்லை. பிறகு யாருக்காக அந்தப் பிரசங்கம்? ஏழை வீட்டுப் பிள்ளைக்காகத்தான்.

நான் ஆறாவது படித்தபோது, அது 1990-களின் ஆரம்பம், என் பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் புலி. ரேடியோவைக் கழற்றி மாட்டுவான். மிதித்தால் மணியடிக்கும்படி ஒரு சைக்கிள் செய்திருந்தான். காலாண்டு லீவில் கைமடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்க 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த நாளில் விடிகாலையில் பனியன் கம்பெனி வேன்களில் தூங்கிக்கொண்டு போன சின்னஞ்சிறு தலைகளை இந்த ஊரே பார்த்தது. அவன் இன்று டெய்லர். நல்ல டெய்லர். ஓவர்லாக் மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வருமுன் அவனே சரிசெய்துவிடுவான். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அடுத்த சனிக்கிழமை வரை ஓட்ட வேண்டும். எடிசனைப் பற்றி அவனிடம் ஒருமுறை பேச்செடுத்தேன்.

"அவருக்குப் பக்கத்துல கணக்குப் போட ஒரு ஆள் இருந்தான்னு சொல்றியே, எனக்கு இருந்தானாடா?" என்று கேட்டான். அத்தோடு சிரித்துவிட்டு நூல் கோக்கப் போய்விட்டான்.

பள்ளியை விட்டவர்களில் எடிசன் ஆனவர் ஒருவர். ஆகாதவர்களை யார் எண்ணினார்கள்? அவர்களுக்குச் சரித்திரம் இல்லை, வாரச் சம்பளக் கவர்தான் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கோ இந்த எடிசன் கதையைக்கூட யாரும் சொல்வதில்லை. நூல் மில்லில் மூன்று வருஷம் இரு, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று 'சுமங்கலி' என்ற மங்கலமான பெயர் வைத்து, தெற்கத்திக் கிராமங்களிலிருந்தெல்லாம் இந்தச் சீமை மில்களுக்குக் கூட்டிவந்தார்கள். அந்தப் பெண்களில் எத்தனை அப்டன்கள் இருந்தார்களோ!

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016-ல் பதினான்கு வயதுக்குக் கீழே எந்தக் கம்பெனியிலும் கூலி வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் இறுகியது. ஆனால் அந்த அம்மாளின் மகனுக்கு வயது பதினான்கு. கட்டாயக் கல்வியின் கை விட்டுப்போகிற வயது. அந்த வயதில் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதற்குத் தாயின் வாய்வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது. அந்த வார்த்தையையும் மேடையில் ஒருவர் வந்து கைதட்டலுக்காக உடைத்துவிட்டுப் போகிறார்.

மேடைக்காரர்களே, எடிசனைச் சொல்லுங்கள்; அவருடைய தாயாரையும் அப்டனையும் சேர்த்துச் சொல்லுங்கள். கார்னகியைச் சொல்லுங்கள், கர்னல் ஆண்டர்சனையும் ஹோம்ஸ்டெட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜி. டி. நாயுடுவைச் சொல்லுங்கள், அவர் கட்டிய கல்லூரியையும் சொல்லுங்கள். சொல்ல நேரமில்லையென்றால் துண்டை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்துவிடுங்கள்.

அம்மா, உங்களுக்கு நான் வாசலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அந்த அய்யா பேசியது நிஜமில்லைங்க. எடிசன் படிச்சாருங்க. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே அவங்க அம்மாதானுங்க. உங்க மகன் பத்தாவதுக்குப் போகட்டும்.