தனித்தனியே வருவோரும் சங்கமும்

பொதுக் காரியத்திற்காக மக்கள் திரளும் முறை நம் கண்முன்னே மாறிவிட்டது. முன்பெல்லாம் சங்கமோ கட்சியோ அழைத்தால் அங்கத்தினர் கிளர்ச்சிக்குச் செல்வர். இன்று ஒவ்வொருவரும் கைபேசியில் செய்தியைக் கண்டு, தாமே தீர்மானித்து வருகின்றனர். ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கக் கோரி 2017 ஜனவரி 17 முதல் சென்னை மெரினாக் கடற்கரையில் கூடிய கூட்டம் இத்தகையது. எத்தலைவரின் அனுமதியையும் வேண்டாமல் மாணவரும் பெண்களும் இரவு பகலாக அங்கே தங்கினர். ஊர்ப் பெரியவரின் கண்சாடைக்குக் காத்திருந்தோர் தாமாகவே வந்து நின்றது பெரிய லாபமென்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் ஜனவரி 21-ஆம் தேதி அவசரச் சட்டம் பிறந்தபோது ஒரு சங்கடம் எழுந்தது. அதனை ஏற்றுக் கலைவதா, நிரந்தரச் சட்டம் வரும்வரை அமர்ந்திருப்பதா? எல்லோர் சார்பிலும் விடை கூற, கூடியிருந்தோர் தேர்ந்தெடுத்த குழு ஏதும் இல்லை. சிலர் போதும் என்றனர். பலர் போதாது என்றனர். 23-ஆம் தேதி காலை போலீசார் கூட்டத்தைக் கலைத்தனர். நகரில் வன்முறையும் மூண்டது. அன்று மாலையே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. கோரியது கைக்கு எட்டிய நாளில், கூட்டத்தை மரியாதையோடு வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை.

2020 நவம்பரில் டில்லி எல்லையில் அமர்ந்த விவசாயிகளும் கைபேசி வைத்திருந்தவர்களே. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 40 சங்கங்கள் இருந்தன. சர்க்காரோடு 11 சுற்றுப் பேச்சு நடத்தப் பிரதிநிதிகள் சென்றனர். வேளாண் சட்டங்களை ஒன்றரை ஆண்டு நிறுத்திவைப்பதாகச் சர்க்கார் கூறியபோது, சங்கங்கள் கூடிப் பேசி, ஏற்பதற்கில்லை என்று ஒரே விடை அளித்தன. 2021 ஜனவரி 26 அன்று ஒரு சாரார் கட்டுமீறிச் செங்கோட்டைக்குள் புகுந்தபின்னும் அமைப்பு குலையவில்லை. சட்டங்கள் ரத்தானபின், அவ்வாண்டு டிசம்பரில் தாமே அறிவித்து ஊர் திரும்பினர்.

நம் இளம் நெசவாளரும் இப்போது சேலையின் படத்தைக் கைபேசியில் அனுப்பித் தாமே விற்கின்றார். அவரைக் குறை கூறோம். நூல் விலை ஏறும்போது அவர் யாரிடம் சென்று, யார் சார்பில் பேசுவார் என்பதே நம் கவலை. மஞ்சளும் வாழையும் பயிரிடுவோர் நிலையும் இதுவே.

அவர் ஏன் மகாசபைக்கு வருவதில்லை? கைபேசியின்மேல் மட்டும் பழிபோடுவதை நாம் ஒப்புவதற்கில்லை. சில சங்கங்களில் தீர்மானம் முன்னதாகவே எழுதப்பட்டு, நோட்டு வீடு வீடாகச் சென்று கையொப்பம் பெற்று வருகின்றது. (கையொப்பங்கள் பலவும் ஒரே கையெழுத்தாக இருப்பது ஆய்வுக்கு வருவோர் கண்ணில் படாமலில்லை.) தம் சொல்லுக்கு இடமில்லாத சபைக்கு எந்த இளைஞர் ஒரு நாள் கூலியை இழந்து வருவார்?

வரும் மகாசபையில் கூலி, நூல், கொள்முதல் விலை ஆகியவற்றை முதலில் விவாதத்திற்கு வைக்கலாம். வரவேற்புரைகள் பின்னர் வரட்டும். பேசத் தெரிந்த இளைஞர் இருவருக்கு, சங்கத்தின் சார்பில் அதிகாரிகளிடம் பேசும் உரிமையைத் தீர்மானமாகவே எழுதிக் கொடுக்கலாம். கையொப்ப நோட்டு அன்று சபையை விட்டு வெளியே போகவேண்டாம்.