பருவமே இல்லாத ஊரில் பருவம் தவறிப் பூப்பது எப்படி?

சில வாரம் வெயில் வாட்டியெடுக்கும். அப்புறம் மழை கொட்டித் தீர்க்கும். அடுத்த சில நாளில் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாக மாறிவிடும். நம் கைத்தொலைபேசிகளும் வெளியே வந்துவிடும். "சிங்கப்பூரின் சக்குரா" என்று செல்லப் பெயர்கூட வைத்துவிட்டோம். (சக்குராவுக்கும் இதற்கும் சொந்தமே இல்லை. டிரம்பெட் மரத்தின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா.)

பெரும்பாலும் மார்ச்-ஏப்ரலிலும் ஆகஸ்ட்-செப்டம்பரிலும் பூக்கும் மரம் இது. ஆனால் சில ஆண்டு முன்னே பின்னே ஆகிவிடும். "என்ன, இப்பவே பூத்துடுச்சு?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மரத்துக்கு மாதம் எப்படித் தெரியும்?

தெரியாது. அதுதான் விஷயம்.

குளிர்காலம் முடிந்து வெப்பம் கூடுவதை வைத்து ஜப்பானியச் சக்குரா பூக்கும். நமக்கோ வசந்தமும் கிடையாது, பனியும் கிடையாது. பகல்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் இங்குள்ள பல செடிகொடிகள் தண்ணீரைத்தான் நாட்காட்டியாகப் பார்க்கின்றன. வறட்சி வந்தால் டிரம்பெட் மரம் இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். நல்ல மழை பெய்தால் அதுவே சமிக்ஞை.

வீட்டு வாசலில் காகிதப்பூ வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தினமும் தண்ணீர் ஊற்றினால் வெறும் இலைதான் வரும். கொஞ்சம் காயப் போட்டால் பூத்துக் குலுங்கும்.

2014 நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு பிப்ரவரி, 1869ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் பதிவான ஆக வறண்ட மாதம். சாங்கி வானிலை நிலையத்தில் அந்த மாதம் முழுவதும் பெய்த மழை வெறும் 0.2 மில்லிமீட்டர். பின்னர் மழை திரும்பியபோது தீவெங்கும் பல வகை மரங்கள் ஒன்றாகப் பூத்தன.

அப்படியென்றால் இது பருவநிலை மாற்றமா?

ஒரு மரம் ஒரு தடவை தவறிப் பூத்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சமூக ஊடகத்தில் அப்படிப் பகிர்பவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். சிங்கப்பூர் வானிலையே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கக்கூடியதுதான்.

ஆனால் நாட்காட்டியே மாறிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. 2016, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சராசரி வெப்பநிலை 28.4 டிகிரி செல்சியஸ். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் மழைக்காலம் இன்னும் ஈரமாகவும் வறண்ட காலம் இன்னும் வறட்சியாகவும் மாறக்கூடும் என்று சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு முன்னுரைத்துள்ளது.

பூ கூடுதலாகக் கிடைத்தால் நல்லதுதானே?

படம் எடுக்க நல்லது. டுரியானுக்கு அப்படியில்லை.

டுரியான் மரம் பூக்கவும் சில நாள் வறட்சி வேண்டும். அதன் பூ சாயங்காலம் விரியும். இரவில் வௌவால்கள் தேன் குடிக்க வந்து மகரந்தத்தைப் பரப்பும். விடிவதற்குள் கதை ஏறக்குறைய முடிந்துவிடும். அந்தச் சில இரவுகளில் கனமழை பெய்தால் பூ கொட்டிப்போகும், காய் பிடிக்காது. மலேசியத் தோட்டத்தில் தவறிப் பெய்த மழை, சில மாதம் கழித்து கேலாங் கடையில் விலையாகத் தெரியும்.

மலேசியக் காடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. அங்குள்ள உயர்ந்த டிப்டெரோகார்ப் மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வறட்சியும் வழக்கத்தைவிடக் குளிர்ந்த இரவுகளும் சேர்ந்து வரும்போது ஒட்டுமொத்தமாகப் பூக்கும். அந்த விதைகளிலிருந்துதான் அடுத்த தலைமுறை மரங்கள் வர வேண்டும். இரவுகள் சூடாகிக்கொண்டே போனால் அந்தச் சமிக்ஞை அரிதாகிவிடலாம் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகின்றனர். நகரத்தில் பூ அதிகம், காட்டில் பூ குறைவு என்ற நிலைகூட வரலாம்.

நீங்களே பார்க்க ஒரு வழி

பழைய தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் புறா ஆர்க்கிட் ஒட்டி வளர்வதைப் பார்க்கலாம். அதன் மொட்டுகள் பாதி வளர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். இடியுடன் மழை பெய்து வெப்பநிலை சட்டென 5 டிகிரி அளவுக்கு இறங்கினால் விழித்துக்கொள்ளும். சுமார் 9 நாளில் அந்த வட்டாரம் முழுக்க வெள்ளைப் பூக்கள் ஒரே நேரத்தில் விரியும். ஆயுள் ஒரே நாள்.

அடுத்த முறை மழையில் திடீரென ஜில்லென்று ஆனால் தேதியைக் குறித்து வையுங்கள். ஒன்பதாவது நாள் காலையில் சீக்கிரமாகப் போய்ப் பாருங்கள், மாலைக்குள் வாடிவிடும்.