கட்டிவைத்த கப்பல் கப்பலல்லவாம்!

கடலிலே ஓடுங்கால் அது கப்பல். எண்ணெயைச் சுமந்து துறைமுகம் விட்டுத் துறைமுகம் செல்லுங்கால் அதற்குக் கொடி உண்டு, தலைவன் உண்டு, காப்புறுதி உண்டு, சட்டம் உண்டு. அதே கப்பலைக் கரைக்கு அண்மையிற் கொணர்ந்து, சங்கிலியாற் பிணைத்து, எண்ணெய்க் களஞ்சியமாக நிறுத்திவிட்டால் அது கப்பலல்லவாம்! அதிலிருந்து எண்ணெய் ஒழுகிக் கரையோர மக்களின் வாழ்வைக் கெடுத்தால், நட்டஈடு வழங்குவதற்கென்றே நாடுகள் கூடி அமைத்த நிதியத்தின் கதவு திறக்குமா என்பது வழக்காடித் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியாம்! இந்த விந்தை நியாயத்தையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முளையும் மாடும்

பெரும் எண்ணெய்க் கப்பல்கள் முழுச் சுமையுடன் நிற்கையில் 20 மீற்றர் அளவுக்கு நீருள் அமிழ்ந்திருக்கும். துறைமுகங்கள் பல அவற்றை ஏற்கமாட்டா. ஆதலால் கரைக்கு அப்பால், ஆழமான நீரில், பெரிய மிதவை ஒன்றை நிறுத்துகின்றனர். பல திக்குகளிலும் விரித்த கனத்த சங்கிலிகள் அதனைக் கடலடி நங்கூரங்களுடன் பிணைத்து நிற்கும். கப்பலின் முகப்பை மட்டும் தடித்த வடத்தால் அம்மிதவையிற் கட்டுவர். முளையிற் கட்டிய மாடு சுற்றி வருவதுபோலக் காற்றும் நீரோட்டமும் திசை மாறுந்தோறும் கப்பலும் மிதவையைச் சுற்றித் திரும்பும். எதிர்த்து நில்லாது இணங்கித் திரும்புவதாலேயே வடம் அறாது நிற்கின்றது. அலை கப்பலை இழுத்தால் கடலடியிற் கிடக்கும் சங்கிலி மேலெழும். அதன் பாரமே கப்பலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். மிதவையிலுள்ள சுழலும் மூட்டின் வழியே எண்ணெய் கடலடிக் குழாய்க்குட் செல்லும். நெடுங்காலம் ஓரிடத்தில் நிற்கவேண்டிய கப்பல்களில் அந்தச் சுழலச்சைக் கப்பலின் முன்பகுதியிலேயே பொருத்திவிடுவதும் உண்டு.

இது சிறந்த பொறியியல்; இதனைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆனால், எந்த முளையும் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. சங்கிலிக் கண்ணிகள் ஒன்றையொன்று தேய்க்கும். உப்புநீர் இரும்பை அரிக்கும். வடத்துக்கும் குழாய்க்கும் அளவிட்ட ஆயுள் உண்டு. மாட்டைக் கட்டிவிட்டுப் போன கமக்காரன் பொழுதுபடத் திரும்பி வருகின்றான். கப்பலைக் கட்டிவிட்டுப் போனவன் வருகின்றானா?

செங்கடல் தந்த பாடம்

யெமன் நாட்டின் செங்கடற் கரையிலே, ராஸ் ஈசாவுக்கு அப்பால், ‘சேஃபர்’ என்ற கப்பல் 1988ஆம் ஆண்டு முதல் கட்டிவைக்கப்பட்டிருந்தது. 1976இல் யப்பானிற் கட்டப்பட்ட இக்கப்பல், மாரிப் வயல்களிலிருந்து குழாய்வழி வந்த எண்ணெயைத் தாங்கி நிற்கும் களஞ்சியமாக மாற்றப்பட்டது. அதற்குப் பதிலாகக் கரையிலே தொட்டிகள் கட்டும் வேலை தொடங்கியிருந்தும், போர் மூண்டதால் அது நின்றது. 2015இல் பராமரிப்பும் நின்றது. கப்பலிலே 11 இலட்சத்து 40 ஆயிரம் பீப்பா எண்ணெய் கிடந்தது. 1989இல் அலாஸ்காக் கரையைப் பாழாக்கிய ‘எக்ஸொன் வால்டீஸ்’ கப்பலிலிருந்து கொட்டியதைப்போல் இது நான்கு மடங்கு!

2017இற் கப்பலின் கொதிகலன்கள் ஓய்ந்தன. எண்ணெய்த் தொட்டிகளின் மேற்புறத்தை நிரப்பி, தீப்பற்றாது காத்த மந்தவாயுவும் அத்துடன் இல்லாதொழிந்தது. ஒரு பொறி போதும், வெடித்துவிடும் என்ற நிலை. 2020 மே மாதத்தில் இயந்திர அறைக்குட் கடல்நீர் புகுந்தது. அங்கிருந்த சிலர் உயிரைப் பணயம் வைத்துத் தற்காலிகமாக அடைத்தனர். கரையை ஆண்டவர்களோ, நாட்டின் அரசாங்கமென நின்றவர்களோ, அந்த எண்ணெயின் விலை யாருக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தனர். எண்ணெய் கொட்டினால் 2 இலட்சம் பேரின் மீன்பிடித் தொழில் உடனே அழியும் என்றும், கடலைத் துப்புரவாக்க 2,000 கோடி டொலர் வேண்டும் என்றும் ஐக்கிய நாடுகள் சபை எச்சரித்தது. இவ்வளவும் தெரிந்தும், மீட்பு வேலைக்கான உடன்பாடு 2022 மார்ச்சிலேதான் கைகூடியது.

பணம் யார் கொடுத்தார்? உலக நாடுகளின் அரசாங்கங்கள், அதாவது வரி செலுத்தும் மக்கள், பெரும்பங்கைக் கொடுத்தார்கள். அதுவும் போதாமல், ஐக்கிய நாடுகள் சபை பொதுமக்களிடம் கையேந்திற்று. பள்ளிச் சிறார்களும் காசு சேர்த்துக் கொடுத்தனர்! வேறொரு கப்பல் 5½ கோடி டொலருக்கு வாங்கப்பட்டு, 2023 யூலை 25 முதல் ஓகஸ்ட் 11 வரை எண்ணெய் அதற்கு மாற்றப்பட்டது. முழு வேலைக்கும் 14 கோடி டொலருக்கு மேல் தேவைப்பட்டது. அந்த எண்ணெயால் ஆண்டாண்டாக இலாபம் கண்டோர் அந்நாள்களில் எங்கே இருந்தனர்?

சேஃபர் தப்பியது. தப்பாதவையும் உண்டு. 2022 பெப்ரவரியில் நைசீரியாக் கடலிற் கட்டிநின்ற ‘திரினிற்றி ஸ்பிரிற்’ வெடித்து, உயிர்கள் பலியாயின. அதுவும் 1976இற் பிறந்த கிழக்கப்பலே.

சட்டத்தின் ஓட்டை

கப்பல் எண்ணெயாற் கெடும் கரைகளுக்கு நட்டஈடு வழங்கவென 1992ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின்கீழ் அனைத்துலக நிதியம் உண்டு. ஆனால் 1999இல் அந்நிதியம் எடுத்த முடிவு யாது? எண்ணெய் வயல்களிற் கட்டிநிற்கும் களஞ்சியக் கப்பல்கள், அவ்விடம்விட்டு வெளித் துறைமுகத்துக்கு எண்ணெயைச் சரக்காக ஏற்றிச் செல்லும்போது மட்டுமே ‘கப்பல்’ எனக் கொள்ளப்படும் என்பதே! மறு ஆண்டிலேயே, 2000 யூனில், கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தருகே நங்கூரமிட்டு நின்ற ‘ஸ்லொப்ஸ்’ தீப்பற்றி எண்ணெயைக் கக்கியது. சுழல்விசிறி கழற்றப்பட்ட அது கப்பலன்று என வாதிட்டது நிதியம். கடலைத் துப்புரவு செய்தவர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினர். அதுவும் கப்பலே எனக் கிரேக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006இலேதான். எண்ணெய் கரைக்கு வர எத்தனை நாள் செல்லும்? நியாயம் வர ஆறு ஆண்டுகள் சென்றன!

‘இவ்வளவு கட்டுப்பாடு விதித்தால் எண்ணெய் விலை ஏறும்’ என்பர் சிலர். ஏறட்டும்! இன்று அந்தச் செலவு இல்லாமற் போகவில்லை. வலைக்காரன் தலையிலும் வரிகாரன் தலையிலும் ஏற்றப்பட்டுள்ளது. அவ்வளவே வேறுபாடு.

யெமனின் கதை எமக்கு ஏன் என்று கேட்போரும் உளர். கொழும்புக்கு அப்பாலுள்ள கடலிலும் மிதவை உண்டு. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மசகு எண்ணெய் இறக்குவதற்கென்றே அது நிறுத்தப்பட்டது. 2021இல் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ எரிந்தபோது, கடலிற் கால்வைக்கவும் முடியாது நின்ற மீனவரை இந்நாடு கண்டது. உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு விதித்தது 2025 யூலையில். அயற்கடலிற் கப்பல் கெட்டால் என்ன நேரும் என்பதை யாரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பவை மூன்றே. ஓடினாலும் நின்றாலும் எண்ணெய் சுமக்கும் கலம் கப்பலே எனச் சட்டம் ஐயமின்றிச் சொல்லட்டும். முதற் சங்கிலி கடலில் இறங்குமுன், கடைசிச் சங்கிலியை எடுப்பதற்கும் கலத்தை அகற்றுவதற்குமான பணம் பிறர் கைவைக்க முடியாத பொறுப்பில் வைப்பிலிடப்படட்டும். சங்கிலி, வடம், குழாய், அடிப்பலகை ஆகியவற்றைச் சுயாதீனப் பொறியியலாளர் ஆண்டுதோறும் சோதித்து, அறிக்கையைக் கரையோர மக்களின் கண்முன் வைக்கட்டும்.

கட்டத் தெரிந்தவனுக்கு அவிழ்க்கவும் கடமை உண்டு. அக்கடமையை ஏற்காதவனுக்குக் கடலில் முளை அடிக்க உரிமை இல்லை!