வெட்டியும் மதிப்பூதியமும்

கிளைகளிலிருந்து நமக்கு வரும் அறிக்கைகளில் அநீதி, பாரபட்சம், கொடுமை, சுரண்டல் ஆகிய சொற்கள் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குகின்றன. கூலி பாக்கி ‘கொடுமை’யாகிறது, சாதிய வன்கொடுமை வெறும் ‘பாரபட்சம்’ ஆகிவிடுகிறது. அவற்றிலுள்ள கோபம் நியாயமானதே. ஆனால் சொல் மாறும்போது கோரிக்கையும் மாறிவிடுகிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் எழுப்பிய தொழிலாளர்களின் வழக்கை நினைவுகூரலாம். நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. ஜமாதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டனர். பெண்களுக்கு 7 ரூபாயே தரப்பட்டது என்பதும் மனுவில் இருந்த குற்றச்சாட்டு. பெண்ணுக்கு 7 ரூபாய் என்பது பாகுபாடு; 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் அதற்கு எதிராக இருந்தது. ஆனால் அவளுக்கும் ஆணைப்போல் 8 ரூபாய் 25 காசு கொடுத்துவிட்டால் பாகுபாடு மறைந்துவிடும். இருவர் கூலியிலும் விழுந்த வெட்டு அப்படியே இருக்கும். அந்த வெட்டுக்கு உச்சநீதிமன்றம் இட்ட பெயர் கட்டாய உழைப்பு. வறுமையால் வேறு வழியற்றவன் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க இசைவது இசைவாகாது, பொருளாதார நெருக்கடியும் பலவந்தமே என்று நீதிபதி பகவதி அமர்வு தீர்ப்பளித்தது. கூலிப் பாக்கியாக இருந்தது அடிப்படை உரிமை மீறலாக உயர்ந்தது அந்தப் பெயரால்தான். இனி, 9 ரூபாய் 25 காசு முழுமையாகக் கொடுத்தாலும் சுரண்டல் நின்றுவிடாது. அது எந்தச் சட்டத்தையும் மீறாமலே நடைபெறும் உபரி மதிப்பின் அபகரிப்பு. ஆகவேதான் அச்சொல்லை எல்லா இடத்திலும் இறைத்துவிடக் கூடாது.

நீதிமன்றம் ஆதாரமாகக் கொண்ட அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு ‘பேகார்’ என்னும் இந்நாட்டுச் சொல்லை ஆங்கில மூலத்திலேயே வைத்திருக்கிறது. நிகரான ஆங்கிலச் சொல் அகப்படவில்லை போலும். தமிழில் சொல் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊதியமின்றி வாங்கப்படும் வேலைக்கு அதுவே பெயர். தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் ‘வெட்டிச் சாகிரி’யை எதிர்த்தும் எழுந்தது. இன்றோ வேலை கிடைக்காத இளைஞனைத்தான் ‘வெட்டியாகத் திரிகிறான்’ என்கிறோம். கூலி தராதவனின் குற்றத்தைக் குறித்த சொல், உழைப்பவன் வீட்டுப் பிள்ளைமீது வசவாக இறங்கிவிட்டது.

ஆளும் வர்க்கத்துக்குச் சொற்களின் விலை நன்றாகத் தெரியும். 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் ஊழியருக்குத் தரப்படுவது ‘மதிப்பூதியம்’. 2005இல் வந்த ஆஷா பணியாளர் ‘தன்னார்வலர்’. அவர் பெறுவது ‘ஊக்கத்தொகை’. தொழிலாளி என்ற சொல்லை ஒழித்துவிட்டால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அண்டாது. கூலியே இல்லாதபோது கூலிக் குறைவு எங்கிருந்து வரும்? 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி வழங்கப் பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அங்கன்வாடி ஊழியர் பெறும் மதிப்பூதியம் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே என்றது. ஒரு சொல்லை உடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது; அதுவும் பணிக்கொடை என்ற ஒரே வாசல் வழியாக.

இவ்வளவுக்குப் பிறகும் நமது பக்கங்களிலேயே ‘மதிப்பூதியத்தை உயர்த்துக’ என்ற முழக்கம் எத்தனையோ முறை அச்சேறியிருக்கிறது. சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கும் அவசரத்தில் அரசாணையின் சொல்லை அப்படியே ஏற்றுவிட்டோம், தவறு நம்முடையது. அடுத்த இதழ் முதல், அரசாணையை எடுத்துக்காட்டும் இடத்தில் மட்டும் அச்சொல் மேற்கோள் குறிக்குள் வரும். மற்ற இடங்களில் கூலி என்றே எழுதுவோம். செய்தி அனுப்பும் தோழர்கள் எத்தனை மணி நேர வேலை, கைக்கு வந்தது எவ்வளவு, அம்மாநிலத்தில் அவ்வேலைக்கு உரிய குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்ற மூன்றையும் தவறாமல் சேர்த்து அனுப்புக.