கப்பலுக்கு முந்தின நாளும் மறுநாளும்

காரைக்குடிக்கு அருகில் பூர்வீகம் கொண்ட நகரத்தார் குடும்பம் அது. இப்போது சென்னையில் வசிக்கிறது. குடும்பத்தின் மூத்தவருக்கு வயது 76. அவருடைய தந்தையார் இளமையில் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிச் சிங்கப்பூர் சென்று, மார்க்கெட் தெருக் கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாகப் பணிபுரிந்தவர். கிட்டங்கி என்பது ஒரே நீண்ட கூடத்தில் பல வட்டிக்கடைகள், ஆளுக்கொரு பெட்டியடியுடன் நடந்த இடம். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலாவின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையையும், வெள்ளிக்கிழமை மாலைகளில் கணக்கை மூடிவிட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்து சென்று நின்ற கதையையும், தந்தையார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் பெரியவர். ஆயினும் அவர் ஒரு முறைகூடக் கடல் தாண்டியதில்லை.

பேரப் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு சென்று திரும்பும் மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்கு மகன் ஏற்பாடு செய்தார். பெரியவர், ஆச்சி, மகன், மருமகள், பதினான்கு வயதுப் பேரன், ஆறு வயதுப் பேத்தி, மருமகளின் தாயார் என ஏழு பேர். "பிள்ளையார் நோன்புக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும்" என்பது ஆச்சியின் ஒரே நிபந்தனை. பெரியவரிடம் கேட்டபோது, "டேங்க் ரோடு முருகனைப் பார்த்தால் போதும்" என்றார்.

மகன் முதலில் போட்ட திட்டம் மிகச் சிக்கனமானது. இரவு விமானத்தில் புறப்பட்டு விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்குவது. அன்று நண்பகலிலேயே கப்பல் ஏறுவது. கப்பல் திரும்பிய நாள் பகல் ஒரு மணி விமானத்தில் சென்னைக்குப் புறப்படுவது. விடுதிச் செலவே இல்லை. ஏட்டில் பார்த்தால் பழுதற்ற கணக்குத்தான்.

மருமகள் அதை ஏற்கவில்லை. விமானம் சில மணி நேரம் தாமதித்தால் கப்பல் போய்விடும் என்பது அவர் சொன்ன முதற் காரணம். கப்பல் ஏறுவோருக்கான பதிவு, புறப்படும் நேரத்துக்கு ஒரு மணிக்கும் முன்னரே முடிந்துவிடும். அதன் பின் வந்தவர் கரையில் நிற்க வேண்டியதுதான். இரண்டாவது காரணம் முதியோரைப் பற்றியது. இரவெல்லாம் இருக்கையில் கண்விழித்து வந்தவர்களை, குளிக்கவும் கால் நீட்டவும் இடமின்றிக் கப்பல் துறை வரிசையில் நிறுத்துவது எப்படி? ஆகவே, கப்பலுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பகல் விமானத்தில் புறப்படுவதென்றும், கப்பலிலிருந்து இறங்கிய மறுநாளே ஊர் திரும்புவதென்றும் முடிவாயிற்று. மூன்று இரவுக்கு விடுதி வாடகை கூடியது. அதனை வீண் செலவு என்று மகன் முணுமுணுத்தார்.

பகல் விமானம் என்றதில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கே அறை கிடைக்கும். விடியற்காலையில் இறங்கும் முதியவர் எட்டு மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் காத்துக் கிடக்க நேரும்; இல்லையேல் முந்திய இரவுக்கும் வாடகை கட்ட வேண்டும். மாலையில் இறங்கினால் நேரே அறைக்குச் சென்று படுத்துவிடலாம்.

விடுதியைச் சிராங்கூன் சாலைப் பக்கம், லிட்டில் இந்தியாவில் அமர்த்தினார்கள். வீரமாகாளியம்மன் கோயில் நடந்து போகும் தொலைவு. சைவ உணவுக்கும் அலைய வேண்டியதில்லை. 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸ் அங்கேதான் இருக்கிறது.

தாள்களைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும். பினாங்கைத் தொட்டுத் திரும்பும் கப்பல் பயணி, சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைபவர் ஆகிறார். எனவே விசா ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவுக்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அரசினுடையது அன்று. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருக்கிறது என்றாலும், புறப்படும் மாதத்தில் விதி என்ன என்பதை ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

மற்றது மருந்து. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றில் பலவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்ல முன் அனுமதி வேண்டும். மருத்துவரின் சீட்டு கையில் இருக்கட்டும். ஆச்சி அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியை மருமகள் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்ததும் இதே எச்சரிக்கையால்தான். அதில் கசகசா இருந்தது. சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் நாள்தோறும் புழங்கும் பொருள், விமான நிலையத்தில் குற்றமாகிவிடும்.

புறப்பட்ட அன்று விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாயிற்று. மாலையில் இறங்க வேண்டியவர்கள் இரவு பத்தரைக்கு இறங்கினார்கள். கப்பலுக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்ததால் யாரும் பதறவில்லை. விடுதி வாடகையைப் பற்றி மகன் பிறகு பேசவும் இல்லை.

சிங்கப்பூர் டாக்சி ஒன்றில் நான்கு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். நம் ஊர் வழக்கப்படி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சமாளிக்க இயலாது. ஏழு பேருக்கும் பெட்டிகளுக்குமாகப் பெரிய வண்டியை முன்பதிவு செய்யலாம். அல்லது இரண்டு டாக்சிகளில் பிரிந்து செல்லலாம். பிரியும்போது இரு முதியவரை மட்டும் ஒரு வண்டியில் அனுப்பக் கூடாது. வண்டிக்கு ஒருவராவது வழி தெரிந்தவராகவும், விடுதி முகவரியைக் கையில் வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது அங்குச் சட்டம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு; கைப்பேசிச் செயலி வழியே வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. பேத்தியை முன்னிட்டு இவர்கள் டாக்சியையே பிடித்தார்கள்.

மறுநாள் காலையில்தான் பிழை நேர்ந்தது. பிள்ளைகளின் ஆசைக்காக முதலில் கடற்கரைப் பக்கத்துப் பெருந்தோட்டத்துக்குச் சென்றார்கள். கண்ணாடி மாளிகை, செயற்கை அருவி, மலர்கள் எல்லாம் பார்த்து முடித்து டேங்க் ரோட்டை அடைந்தபோது பன்னிரண்டு மணி கடந்து இருபது நிமிடம். நண்பகலில் சாத்திய நடை மாலையில்தான் திறக்கும். 1859-இல் நகரத்தார் எழுப்பிய அந்தக் கோயிலின் கோபுரத்தைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பெரியவர் வண்டியில் ஏறினார். ஒரு சொல்லும் பேசவில்லை. தோட்டம் நாள் முழுதும் திறந்திருக்கும். கடைத்தெரு இரவிலும் உண்டு. முருகனுக்கு மட்டுமே நேரம் பார்க்க வேண்டும். இத்தனை கவனத்தோடு திட்டமிட்டவர்கள் இந்த ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை என்பது வியப்புத்தான்.

மாலையில் மீண்டும் வரலாம் என்றார் மகன். டிசம்பர் மழை நான்கு மணிக்குப் பிடித்து ஒன்பது மணிக்கு விட்டது. ஆச்சியின் கால்கள் வீங்கியிருந்தன, டாக்சியும் கிடைக்கவில்லை. அடுத்த நாள் பதினொன்றரைக்குக் கப்பல் பதிவு. "விடிந்ததும் நான் மட்டும் போய்விட்டு வரட்டுமா?" என்று பெரியவர் கேட்டார். "ஏழு பேர், ஒன்பது பெட்டி, இரண்டு வண்டி. இப்போது வேண்டாம் அப்பச்சி, திரும்பி வந்து பார்க்கலாம்" என்றார் மகன். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 76 வயதுக்காரரிடம் 'திரும்பி வந்து' என்னும் சொல் எப்படி ஒலிக்கும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

கப்பலில் எல்லாம் கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். முன்னதாகச் சொல்லி வைத்ததால் சைவ உணவுக்குக் குறைவில்லை. அறையில் விளக்கேற்றவோ ஊதுவத்தி கொளுத்தவோ கூடாது. நெருப்புக்குக் கப்பலில் அனுமதி இல்லை. ஆச்சி அதனால் மனம் தளரவில்லை. மார்கழி விடியலில் சாளரத்துக்கு வெளியே கடல் வெளுக்கும்போது, விளக்கின்றியே திருவெம்பாவையைச் சொல்லி முடித்தார்.

பினாங்கில் பட்டபாடம் பயன்பட்டது. காலையில் இறங்கியதும் வேறெங்கும் செல்லாமல் தண்ணீர்மலைப் பக்கம் சென்றார்கள். மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மகனும் பேரனும் ஏறினார்கள். மற்றவர்கள் அடிவாரத்தை ஒட்டி, 1857-இல் எழுந்த நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலில் நிதானமாக வழிபட்டார்கள். குடும்பம் முழுவதும் ஒரே படியில் ஏற வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

"இங்கே இருப்பவனும் அவனேதானே?" என்று ஆச்சி கணவரிடம் மெல்லக் கேட்டார்.

"அவனேதான். ஆனால் அப்பச்சி நின்ற இடம் அது அல்லவா?" என்றார் பெரியவர்.

அனைவரும் கப்பல் ஏறிவிட வேண்டும் என்று குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவே துறைக்குத் திரும்பினார்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்று தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் செல்வோருக்குக் காத்திராது. கிள்ளான் துறையைத் தொடும் கப்பலில் செல்வோர் இதனை இன்னும் அழுத்தமாக நினைவில் கொள்ள வேண்டும். அங்கிருந்து பத்துமலை, கோலாலம்பூருக்கும் அப்பால் உள்ளது. சாலை நெரிசலில் நேரம் கரைந்துவிடும். 272 படிகளும் 140 அடி முருகனும் ஈர்க்கத்தான் செய்யும். முடியாதவர்கள் கிள்ளான் நகரிலேயே உள்ள சுந்தரராஜப் பெருமாளைச் சேவித்துத் திரும்பினால் குறையொன்றுமில்லை.

கடைசி இரவில் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள்; மறுநாள் கரையில்தான் அவை கைக்கு வரும். காலை மருந்து, மாற்றுடை, கடவுச்சீட்டு, கண்ணாடி ஆகியவற்றைத் தனியே கைப்பையில் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டு, இரவுடையோடு கலங்கி நிற்பவர்கள் ஒவ்வொரு கப்பலிலும் சிலர் உண்டு. பெரியவர் முந்திய இரவே வேட்டி, துண்டு, விபூதிப் பை மூன்றையும் எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

காலை எட்டரைக்குக் கரை இறங்கினார்கள். முதல் திட்டப்படி நடந்திருந்தால் அங்கிருந்தே விமான நிலையத்துக்கு ஓடியிருப்பார்கள். மருமகள் தம் தாயாரையும் பிள்ளைகளையும் பெட்டிகளையும் பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனார். அறை கிடைக்கும் வரை பெட்டிகளை விடுதியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மகன் பெற்றோரை அழைத்துக்கொண்டு வேறொரு டாக்சியில் ஏறினார். ஒன்பதரைக்கு டேங்க் ரோடு. நடை திறந்திருந்தது. கூட்டமில்லை.

குடும்பத்தார் பெயர்களையும் நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அர்ச்சனை செய்வித்தார் பெரியவர். பிறகு ஒரு தூண் ஓரமாகச் சென்று அமர்ந்தார். பத்தரை மணி ஆயிற்று, பதினொன்றாயிற்று. மகன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்று போக வேண்டிய இடம் வேறொன்றும் இல்லை.

வெளியே வந்ததும் மார்க்கெட் தெருவைப் பார்க்கலாமா என்று பெரியவரே கேட்டார். அங்கே கிட்டங்கி ஏது? வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இளைஞர்கள் விரைந்துகொண்டிருந்தார்கள். பெரியவர் நடைபாதை ஓரத்தில் நின்று இருபுறமும் பார்த்தார். கோயில் எந்தத் திசை என்று மகனிடம் கேட்டார். மகன் கை நீட்டிக் காட்டினார்.

"நடந்து போகிற தூரம்தான்" என்றார் பெரியவர். ஆச்சிக்குப் பசி வந்திருக்கும் என்று சொல்லி, டாக்சியைக் கூப்பிடச் சொன்னார்.