காத்திருந்த பாதங்கள்

பழைய இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இரு வகையினர். இடிந்த கோபுரத்தை முதுகுப்புறம் நிறுத்தித் தம்மைத் தாமே படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஒரு வகையினர். இக்கற்களை அடுக்கிய கைகள் யாருடையவை, இன்று காத்து நிற்கும் கைகள் யாருடையவை என்று விசாரித்து வருகிறவர்கள் மற்றொரு வகையினர். முதல் வகையினரின் தொகை பெருகி வரும் காலம் இது. ஆகவே, இரண்டாம் வகையைச் சேர்ந்த ஓர் இளம் பெண்ணைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நம்மிடம் சரித்திரம் பயின்று, இப்போது கல்லூரியில் கட்டடக் கலை பயின்று வரும் மாணவி அவள். சென்ற விடுமுறையில் இரு தோழியருடன் காம்போஜ தேசம் சென்று வந்தாள். கம்போடியா என்று இன்று வழங்கும் அத்தேசம் செல்வம் கொழிக்கும் நாடன்று. 1975 முதல் 1979 வரை அங்கே நடந்த கொடுங்கோலாட்சியில் 15 லட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். அந்தக் காயம் இன்னும் முழுவதும் ஆறவில்லை. "அப்படிப்பட்ட ஊருக்கு வயசுப் பெண்கள் தனியாகப் போவதா?" என்று பாட்டியார் அங்கலாய்த்தாராம். போகட்டும், ஆனால் பார்த்ததையெல்லாம் தினந்தோறும் எழுதி வரவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் நாம் சிபாரிசு செய்தோம். அவள் எழுதி வந்த நோட்டுப் புத்தகம் இப்போது நம் மேஜை மீது இருக்கிறது.

முதலில் அவள் கண்டது அங்கோர் வாட். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கென எடுப்பித்த ஆலயம் அது. சுற்றிலும் 190 மீட்டர் அகலமுள்ள அகழி. நடுக் கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர் உயரம். சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே கல்லோடு கல் இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். கற்களெல்லாம் குலென் மலையிலிருந்து வெட்டிக் கொணர்ந்தவை. இத்தனை பாரமும் மணற்பாங்கான நிலத்தின் மேல் நிற்கிறது. நிலத்தடி நீர் ஏற்றத் தாழ்வின்றி இருக்கும் வரையில் அந்த மணல் உறுதியாக இருக்கும். அதற்கு அகழி துணை செய்கிறது. "கோயிலைத் தாங்குவது கல் மட்டுமல்ல, ஐயா, தண்ணீரும்தான்" என்று எழுதியிருக்கிறாள். ஏரி குளங்களைத் தூர்த்து மனைகளாக்கும் நம்மவர்கள் படிக்க வேண்டிய வாக்கியம் அல்லவா?

கீழைச் சுற்றுச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாசுகியின் ஒரு புறம் 92 அசுரர்கள். மறுபுறம் 88 தேவர்கள். அந்தச் சிற்பத்தின் முன்பு நம் நாட்டு யாத்திரிகர் சிலர் நின்றிருந்தனராம். "எல்லாம் நம்மவர்கள் வந்து கட்டிக் கொடுத்தது. இவர்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் உரக்கச் சொன்னார். அதை ஆங்கிலத்தில் வேறு மொழிந்தார். நம் மாணவிக்கு வழிகாட்டியாக வந்த கம்போடிய அம்மையாரின் காதில் அது விழுந்தது. அவர் சினந்து பேசவில்லை. சற்று நேரம் கழித்து நம் மாணவியிடம் மட்டும், "உங்கள் எழுத்தை எங்கள் முன்னோர்கள் வாங்கிக்கொண்டது உண்மைதான், அம்மா. ஆனால், ஒரு கடிதத்தை எழுதியவர் யார் என்று கேட்டால், காகிதம் விற்ற கடைக்காரரைக் காட்டுவது உண்டா?" என்று கேட்டாராம்.

இந்தக் கேள்வி நம்மையும் சிந்திக்க வைத்தது. காம்போஜத்தின் கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது என்பது அறிஞர் ஒப்பிய முடிவு. அரசர்கள் வர்மன் என்று பட்டம் சூடினர். வடமொழியில் சாசனம் பொறித்தனர். சிவனையும் திருமாலையும் வணங்கினர். எனினும், நம் நாட்டிலிருந்து படையெடுத்துச் சென்று அத்தேசத்தை ஆண்டவர் எவரும் இலர். வடமொழியோடு தம் தாய்மொழியிலும் அவர்கள் சாசனம் எழுதினர். 611-ஆம் வருஷத்திலேயே கெமர் மொழிச் சாசனம் காணப்படுகிறது. எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள மேற்கு ஏரியை வெட்டியவர்கள் அவர்கள். பயோன் கோபுரங்களில் நாற்றிசையும் நோக்கிப் புன்னகை புரியும் பெருமுகங்களை வடித்தவர்களும் அவர்களே. அத்தகைய முகங்கள் நம் கோபுரம் எதிலும் இல்லை. முதற் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டொன்று, காம்போஜ மன்னன் அளித்த அரிய கல் ஒன்றைக் குறிப்பிடுகிறது. இரு நாடுகளும் நண்பர்களாகக் கொடுத்து வாங்கியிருக்கின்றன. அதை எசமானன் வேலைக்காரன் கதையாக்குவது சரித்திரமாகாது.

நோட்டுப் புத்தகத்தில் நம் மனத்தை மிகவும் உருக்கிய பகுதி அடுத்து வருகிறது. அங்கோருக்கு வடகிழக்கே காட்டினுள் கோ கெர் என்ற இடம் உண்டு. 928 முதல் 944 வரை தலைநகராயிருந்தது. அங்கே பிரசாத் சென் என்னும் கோயிலில் மகாபாரதத்தின் கடைசிக் கதாயுத்தத்தை முழு உருவச் சிலைகளாக நிறுத்தியிருந்தனர். பீமனும் துரியோதனனும் எதிரெதிரே நிற்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து பார்க்கும் காட்சி. 1970-ஐ ஒட்டிய உள்நாட்டுப் போரின்போது திருடர்கள் அச்சிலைகளைக் கணுக்காலோடு வெட்டிக் கொண்டுபோயினர். பீடங்களில் பாதங்கள் மட்டுமே எஞ்சின.

பல வருஷங்களுக்குப் பின்பு, 2011-இல், நியூயார்க் நகரில் துரியோதனன் ஏலத்துக்கு வந்தான். கோ கெரில் கிடந்த பாதங்களே அவன் எந்த ஊரான் என்பதற்குச் சாட்சி கூறின. வழக்கு நடந்தது. 2014-இல் துரியோதனன் தாயகம் திரும்பினான். பீமனும் கலிபோர்னியாவிலிருந்து அதே வருஷம் வந்து சேர்ந்தான். புனோம் பென் நகரத்துத் தேசியக் காட்சிசாலையில் அவர்களைப் பார்த்து வந்த நம் மாணவி, "பகைவர்கள் இருவரும் ஒரே கப்பலில் களவு போனவர்களைப் போல நிற்கிறார்கள், பார்த்தால் அழுகை வருகிறது" என்று எழுதுகிறாள்.

இத்திருட்டு அன்று புதிதாகத் தோன்றியதன்று. 1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் பந்தே ஸ்ரே கோயிலின் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துச் சென்று பிடிபட்டார். பிற்காலத்தில் அவரே பிரான்சின் கலாசார மந்திரியானார்! நமக்கும் இந்த அனுபவம் உண்டு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜர் ஆஸ்திரேலியக் கலைக்கூடத்திலிருந்து மீண்டதும் அதே 2014-ஆம் வருஷத்தில்தான். சுவாமியை இழந்த கிராமத்தாரின் வேதனையை நாம் அறிவோம். காம்போஜத்தாரின் வேதனை அதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

களவு இரு வகைப்படும் என்று நமக்குத் தோன்றுகிறது. சிலையைத் திருடுவது ஒன்று. அதைச் செய்தவர்களின் பெருமையைத் திருடுவது மற்றொன்று. முதலாவதற்குச் சட்டமும் நீதிஸ்தலமும் உள. இரண்டாவதற்கு நம் மனச்சாட்சியைத் தவிர வேறு நீதிபதி இல்லை. நம் ஆலயங்களைக் கண்டு, இவற்றை இந்நாட்டார் கட்டியிருக்க முடியாது என்று அந்நியர் எவரேனும் சொன்னால் நம் இரத்தம் கொதிக்காதா? நமக்குப் பொறுக்காத வார்த்தையை ஏழை நாட்டு மக்களின் முகத்துக்கு எதிரே சொல்வது எவ்விதத்தில் தேசபக்தியாகும்?

பெருமைப்பட வேண்டிய காரியம் வேறு இருக்கிறது. 1986 முதல் 1993 வரை, போரின் புகை அடங்காத நாட்களில், நம் தேசத்துத் தொல்பொருள் இலாகாவினர் அங்கோர் வாட்டில் பழுது பார்க்கும் பணி செய்தனர். இலவ மரத்தின் வேர்கள் கோபுரத்தைப் பின்னிக்கொண்டிருக்கும் தா ப்ரோம் கோயிலிலும் பின்னர் அவர்கள் பணியாற்றினர். அக்கோயிலின் 1186-ஆம் வருஷத்துச் சாசனம், ஏழாம் ஜயவர்மன் நாடெங்கும் நடத்திய 102 ஆதுரசாலைகளைப் பற்றிக் கூறுகிறது. 1992-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும், அதே சமயத்தில் அபாயத்திலுள்ள சின்னமாகவும் குறிக்கப்பட்ட அங்கோர், 2004-இல் அபாயப் பட்டியலிலிருந்து நீங்கியது. பல தேசத்தார் தோள் கொடுத்தனர் என்பது மெய். ஆயினும் கண்ணிவெடி புதைந்த காட்டில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்கள் அந்நாட்டுத் தொழிலாளரே.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப வசதியுள்ளவர்கள் கடைத்தெருக்கள் நிறைந்த நகரங்களுக்கே அனுப்ப வேண்டுமென்பதில்லை. இத்தகைய இடங்களுக்கும் அனுப்புங்கள். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் பக்கத்து ஊரின் பாழடைந்த கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்லுங்கள். பீடம் காலியாக இருந்தால், அதில் நின்றவர் எங்கே என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கோ கெரின் பாதங்கள் நாற்பது வருஷம் காத்திருந்து சாட்சி சொல்லின. நம் ஊர்ப் பீடங்களும் யாரேனும் வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கின்றன.